கண் திறந்து தரப்படும்

அந்தக் கண்களை நேராகப் பார்க்கும்படிதான் சண்முகப்ரியா வைத்திருந்தாள். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. உள்ளங்கை அகலம்கூட இல்லாத வட்டப் படத்தில் பார்வை ஒரு மயிரிழை விலகினாலும், போனில் பார்க்கிறவர்களுக்கு அந்த ஆள் வேறு யாரையோ பார்ப்பதுபோல் தோன்றிவிடும். ஏழு வருடமாக இதே வேலையைச் செய்கிறவள் அதில் பிசகமாட்டாள். ஆனால் வெள்ளிக்கிழமை மத்தியானம், வேறொரு படத்துக்காக அந்த முத்து வளையத்தை எடுக்கலாம் என்று கோப்பைத் திறந்தபோது, வளையத்துக்குள் இருந்த மனிதர் அவளைப் பார்க்கவில்லை. சற்றுக் கீழே, இடப்பக்கமாக, தரையில் எதையோ தவறவிட்டவர்போல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அசதிதான் என்று நினைத்துக்கொண்டாள். காலையிலிருந்து மூன்று பிறந்தநாள், ஒரு சடங்கு, சாத்தான்குளம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் பழைய மாணவர்கள் நாற்பத்திரண்டு பேருக்கும் ஒரே மாதிரி தங்க வட்டம். செய்து செய்து எழுத்துகளே அவளுக்கு இரண்டிரண்டாகத் தெரிந்தன. கண் மட்டும் தனி அடுக்காக இருந்த லேயரை இரண்டு புள்ளி நகர்த்திச் சரிசெய்து சேமித்துவிட்டு, மிச்ச வேலையைப் பார்த்தாள்.

பகலில் அந்த வீடு இருட்டாகத்தான் இருக்கும். அவள் கணவன் செந்தில்முருகன் துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவன்; மாதத்தில் பாதி நாள் இரவு ஓட்டம். காலையில் வந்து படுத்தால் மாலைவரை தூங்கவேண்டும் என்பதால் ஜன்னலில் பழைய போர்வையை ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். முத்தையாபுரத்து உப்பளக் காற்று அந்தப் போர்வையை மெல்ல உப்பவைத்து, மெல்ல உள்ளிழுத்து, மறுபடி உப்பவைக்கும். அது ஏதோ மூச்சு விடுவதுபோல இருக்கும். கட்டிலில் அவன் குறட்டை, மேலே மின்விசிறியின் கிறீச், மேஜையில் அவளுடைய மௌஸின் சின்னச் சின்ன டிக் டிக். பத்து வருடக் கல்யாண வாழ்க்கையில் அவர்கள் பேசிக்கொண்ட நேரத்தைவிட, ஒருவர் தூங்க ஒருவர் சத்தமில்லாமல் வேலை பார்த்த நேரமே அதிகம்.

ஊரில் இப்போது டிபி இல்லாமல் ஒரு விசேஷம் கிடையாது. கல்யாண நாள், காதுகுத்து, கோயில் கொடை, எதுவானாலும் சொந்தக்காரர்கள் எல்லோரும் போனில் ஒரே படத்தை வைக்கவேண்டும். பூ வளையம், சிறகு, பட்டாம்பூச்சி, பொன்னிறத்தில் பெயரின் முதலெழுத்து. படம் அனுப்புகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் இரண்டே விஷயம். பக்கத்தில் நிற்கிற ஆளைத் தூக்கிவிடுங்கள். மூடின கண்ணைத் திறந்துவிடுங்கள். இரண்டாவதற்காகவே அவள் தனியாக ஒரு கோப்புறை வைத்திருந்தாள். ‘கண்கள்’ என்று அதற்குப் பெயர். பழைய படங்களிலிருந்து வெட்டியெடுத்த இருநூறு முந்நூறு ஜோடிகள். வெயில் இடதுபக்கம் அடிக்கிற கண்கள், வலதுபக்கம் அடிக்கிறவை, டியூப்லைட் கண்கள், சிரிக்கிற கண்கள். யாருடையவை என்று அவளுக்கே நினைவில்லை.

புதன்கிழமை வந்தது திரேஸ்புரத்து பிளாரன்ஸின் படம். குரல் செய்தியில்தான் சொல்லியிருந்தாள். அவள் கணவர் கிங்ஸ்டன் சங்கு குளிக்கப் போன இடத்தில் காணாமல் போய் இருபத்து மூன்று நாளாகிறது. காற்றுக் குழாயில் ஒரு துண்டு மட்டும் அறுந்து மேலே வந்தது, ஆள் வரவில்லை. வீட்டில் எல்லோரும் இறந்தவருக்கான திருப்பலிக்குக் கொடுக்கச் சொல்கிறார்கள், அவள் சம்மதிக்கவில்லை. நாளைக்குக் கல்யாண நாள். மெழுகுவத்தி, கறுப்புக் கரை எதுவும் வேண்டாம். சுற்றி முத்து வைத்து, இரண்டு பேர் பெயரும் போட்டு, சந்தோஷமான படமாக வேண்டும். இருப்பதில் நல்ல படம் இது ஒன்றுதான். படகு விளிம்பில், வெயிலுக்கு முகத்தைக் காட்டி, தோளில் மஞ்சள் குழாயைச் சுற்றிப் போட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். வெயில் கூசிக் கண் மூடியிருந்தது.

“கண்ண மட்டும் தொறந்து குடுத்துருங்கக்கா,” என்று முடித்திருந்தாள் பிளாரன்ஸ்.

கோப்புறையில் எத்தனை ஜோடி போட்டுப் பார்த்தும் ஒன்றும் உட்காரவில்லை. வைத்தவுடன் பொம்மையாகிவிட்டார். ஆறு மணிக்குள் அனுப்பவேண்டும். கழுத்து வலி தாங்காமல் நாற்காலியில் சாய்ந்தபோது, போனில் போன பொங்கலுக்கு எடுத்த செந்தில்முருகனின் படம் கண்ணில் பட்டது. ஜன்னலோரம் நிற்கிறான், அதே வெளிச்சம், அதே வயது, அதே இமை. வெட்டி எடுத்து வைத்தாள். அப்படியே போய் உட்கார்ந்துகொண்டது. ஓரத்தைக்கூட மெழுகவேண்டியிருக்கவில்லை. கட்டிலில் குறட்டை ஒரு நொடி நின்று மறுபடி தொடர்ந்தது. அவனிடம் சொல்ல அவளுக்குத் தோன்றவே இல்லை. அதில் சொல்ல என்ன இருக்கிறது?

வெள்ளிக்கிழமை காலை அவன் வரும்போதே கண் சிவந்திருந்தது. உப்புத் தண்ணீர் பட்டதுபோல் எரிகிறது என்றான். தூசியாக இருக்கும் என்று இரண்டு பேருமே நினைத்தார்கள். மாலையில் எழுந்து வெகுநேரம் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தான். காபியை நீட்டியபோது, அவள் கையைப் பார்க்காமல் காற்றில் துழாவி வாங்கினான். கண்ணைத் திறந்ததும் கொஞ்ச நேரம் எல்லாம் பச்சையாக இருந்தது, பிறகுதான் வீடு வந்தது என்றான். கனவா என்று கேட்டாள். கனவு கண்ணை மூடினால்தானே வரும் என்றான்.

சனி, ஞாயிறு அப்படியே போனது. திங்கள் இரவு துறைமுக வாசலுக்குப் பக்கத்தில் லாரியை ஒரு கம்பத்தின்மேல் ஏற்றிவிட்டான். யாருக்கும் அடியில்லை. ரோடு இருந்த இடத்தில் திடீரென்று மணல் கிடந்தது, வண்டி மணலுக்குள் இறங்கப்போகிறது என்று திருப்பினேன் என்று அவளிடம் மட்டும் சொன்னான். லாரி முதலாளி இசக்கியப்பன் அண்ணாச்சி நல்ல மனுஷர். கண்ணைக் காட்டிவிட்டு வா, வண்டி எங்கே போய்விடப்போகிறது என்றார். கண் ஆஸ்பத்திரியில் மருந்து விட்டு, வெளிச்சம் அடித்து, எழுத்துப் படிக்கச் சொல்லி எல்லாம் பார்த்தார்கள். கண் நன்றாக இருக்கிறது என்றார்கள். தூக்கம் போதவில்லையாம்.

நாளாக ஆக வீடு தெரிகிற நேரம் குறைந்துகொண்டே வந்தது. அவன் அதிகம் பேசுகிறவன் அல்ல. கேட்டால் மட்டும், ரோட்டில் டிராபிக் எப்படி இருந்தது என்று சொல்கிற அதே களைத்த குரலில் சொல்வான். மணல். சின்னச் சின்ன வரி போட்ட மணல். ஒரு பாறை. அதன்மேல் ஏதோ பாசி ஆடுகிறது. மீன் கண்ணுக்கு மிகக் கிட்டத்தில் வருகிறது. இதைச் சொல்லும்போது அவன் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வான். சாப்பாட்டுத் தட்டு மடியில் கவிழும். அவள் பெருக்கி எடுப்பாள். வீட்டில் அடிக்கிற கவிச்சி வாடை காற்றில் வருவதாகத்தான் அவள் நினைத்திருந்தாள். போர்வையை இறுக்கிக் கட்டிப் பார்த்தாள். வாடை போகவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் கேட்காமலே அவன் சொன்னான்.

“எம்மேல ஒரு டியூப்பு சுத்திக் கிடக்குளா. மஞ்சக் கலரு. அது அசையும்போதெல்லாம் கண்ணு மறைக்கி.”

அவள் கையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கத்தி இருந்தது. அதை மெல்லக் கீழே வைத்தாள். மேஜைக்குப் போய்க் கோப்பைத் திறந்தாள். முத்து வளையத்துக்குள் இருந்தது முகம் மட்டும்தான். தோளையும் குழாயையும் அவள் முதல் நாளே வெட்டிவிட்டாள். செந்தில்முருகன் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை.

கண்ணைப் பெரிதாக்கினாள். பொங்கலன்று கருமணியில் விழுந்திருந்த ஜன்னலின் சின்ன வெள்ளைச் சதுரம் நினைவிருந்தது. அது இப்போது இல்லை. மங்கலான பச்சை. அதற்குள் வரி வரியாக ஏதோ.

கண் லேயரை அழித்தாள். மூடின இமைகள் தெரிந்தன. சேமித்தாள். ‘கண்கள்’ கோப்புறையையும் முழுதாக அழித்தாள், போனில் இருந்த பொங்கல் படத்தையும் அழித்தாள். கை கழுவிவிட்டு வந்து, மனம் கேட்காமல் மறுபடி திறந்தாள். லேயர் பட்டியலில் இரண்டே இரண்டு இருந்தன: வளையம், முகம். கண் என்று ஒன்று பட்டியலில் இல்லை.

முகத்தில் இருந்தது.

அன்று மாலை அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்துவிட்டு, “எடுத்தத திருப்பி வைக்க முடியாதா?” என்று மட்டும் கேட்டான்.

கோப்பு அவளிடம் இருந்தது, ஆனால் படம் அவளிடம் இல்லை. அது திரேஸ்புரத்தில் நூறு நூற்றைம்பது போன்களில் இருந்தது. சனிக்கிழமை காலை செந்தில்முருகனுக்குச் சோற்றைக் கையெட்டும் இடத்தில் வைத்துவிட்டு, இரண்டு பஸ் மாறிப் போனாள். படகுகளுக்குப் பின்னால் ஒரு குறுக்குத் தெரு. பிளாரன்ஸ் முப்பது வயதுக்குள்தான் இருப்பாள். நல்ல சேலை கட்டி, தலையில் பூ வைத்திருந்தாள். அடுப்பில் மீன் குழம்பு கொதித்தது. தரையில் இரண்டு தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது.

படத்தில் ஒரு தப்பு நேர்ந்துவிட்டது, வேறு செய்து தருகிறேன், இதை எல்லோரையும் எடுத்துவிடச் சொல்லவேண்டும் என்று சண்முகப்ரியா சொன்னாள். என்ன தப்பு என்று பிளாரன்ஸ் கேட்டாள். கண்ணில் என்றாள்.

பிளாரன்ஸ் போனை எடுத்து அந்தப் படத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“மொதல்ல கீழயே பாத்துட்டு இருந்தாவ,” என்றாள் மெதுவாக. “இப்ப ரெண்டு நாளா நிமுந்து பாக்குதாவ. நீங்க கவனிக்கலியாக்கா?”

அவர் எங்கே கிடக்கிறார் என்று சண்முகப்ரியாவுக்குத் தெரியும். பாறை, பாசி, மணலின் வரி எல்லாம் தெரியும். மீன்கள் எவ்வளவு கிட்டத்தில் வருகின்றன என்பதும் தெரியும். கவிழ்த்து வைத்த அந்த இரண்டாவது தட்டைப் பார்த்தபிறகு அதைச் சொல்ல நாக்கு எழவில்லை.

“கண்ணு இல்லாம எப்படிக்கா வழி தெரியும்?” என்றாள் பிளாரன்ஸ். “நீங்க குடுத்துருக்கிய. இனி வந்துருவாவ.”

வெகுநேரம் கெஞ்சியபிறகு ஒரு விஷயத்துக்குச் சம்மதித்தாள். புதுப்படம் இதைவிட நன்றாக இருந்தால் மாற்றிக்கொள்வாள். ஆனால் அதிலும் கண் திறந்திருக்கவேண்டும்.

வேறு யார் கண்ணை வைப்பது? பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருந்த ஒவ்வொரு ஜோடிக் கண்ணையும் பார்த்தபடியே வந்தாள். மீன்கூடைக்காரி, பள்ளிக்கூடப் பிள்ளைகள், கண்டக்டர். யாருடையதாகவும் இருக்கக்கூடாது. தானே வரையவேண்டும். ஒரு ஆளின் முகத்திலிருந்தும் எடுக்காமல், வெறும் நிறத்திலிருந்து, புள்ளி புள்ளியாக.

வீட்டுக்கு வந்ததும் மேஜையைத் திருப்பிப் போட்டாள். வரைந்துகொண்டே அவனைப் பார்த்துக்கொள்ளவேண்டும் என்பதற்காக, கட்டிலைப் பார்த்து உட்காரும்படி. தெருக்கதவு அவளுக்கு முதுகுப்பக்கம் வந்தது. பிளாரன்ஸ் முதலில் அனுப்பிய படத்தைப் புதுக் கோப்பாகத் திறந்தாள். அதில் கண் மூடித்தான் இருந்தது. நிம்மதியாக மூச்சுவிட்டுத் தூரிகையை எடுத்தாள். மணி இரண்டரை. போர்வைக்கு வெளியே வெயில் வெள்ளையாகக் கொதித்தது. தெருவில் நாய்கூடக் குரைக்கவில்லை.

செந்தில்முருகன் எழுந்து உட்கார்ந்தான். கால் இரண்டையும் தரையில் ஊன்றி, அவளுக்கு நேர் எதிரே.

“தரை மேல ஏறுதுளா,” என்றான்.

அவள் தூரிகையை நிறுத்தவில்லை. இடது இமையின் கீழ்க்கோடு முடிந்திருந்தது. எப்படி ஏறுகிறது என்று கேட்டாள். சரிவாக ஏறுகிறது, மேலே வெளிச்சம் அதிகமாகிறது, படகுகளின் அடிப்பாகம் தெரிகிறது என்றான். பிறகு, தண்ணீர் போய்விட்டது என்றான். வலை காய்கிறது. ஒரு தெரு. ஒரு கதவு திறந்திருக்கிறது, உள்ளே தரையில் இரண்டு தட்டு.

அவளுடைய கை தானாக நின்றது. வந்துசேர்ந்துவிட்டார். அந்தப் பெண் சொன்னதுபோலவே. பயத்துக்கு நடுவிலும் அவளுக்கு உடம்பெல்லாம் தளர்ந்தது. இனி அது அவர்கள் பாடு. முடிந்தது.

“நிக்கல,” என்றான் செந்தில்முருகன். “தாண்டிப் போவுது.”

எங்கே என்று கேட்டாள்.

“ரோட்டுக்கு.” அவன் நெற்றியைச் சுருக்கினான். “இது எனக்குத் தெரிஞ்ச ரோடுதான். நான் வண்டியில தெனமும் வீட்டுக்கு வார ரோடு.”

அவள் எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. கதவுக்கு ஓடி மேல் தாழ்ப்பாளையும் கீழ் தாழ்ப்பாளையும் போட்டாள். திரும்பி வந்து நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தாள். வரையவேண்டும். வலது கண். வரைந்து அனுப்பினால் பிளாரன்ஸ் மாற்றிவிடுவாள். ஒரு கண் இன்னும் பாக்கி. அவ்வளவுதான்.

அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். பாலம். ஆலைச் சுவர். உப்புக் குவியல்கள். நடக்கிற வேகம்தான். ஆனால் எப்போதோ பாலத்தைத் தாண்டிவிட்டது. டீக்கடை. டிரான்ஸ்பார்மர். தெருமுனை.

கருமணிக்குக் கறுப்பு வைத்தாள். சிந்திவிட்டது. அழித்தாள். மறுபடி வைத்தாள்.

“நம்ம கதவு,” என்றான்.

தட்டும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். தட்டவில்லை. தாழ்ப்பாள் அசையவில்லை. மின்விசிறி சுற்றியது. போர்வை உப்பியது. உள்ளே போனது. மறுபடி உப்பவில்லை.

ஈர வாடை. பாசி வாடை.

“என்ன தெரியுது?” என்று கேட்டாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

செந்தில்முருகன் அவள் முகத்துக்கு நேராகத்தான் உட்கார்ந்திருந்தான். கைநீட்டினால் தொடலாம். கண் இரண்டும் அகலத் திறந்து, அவளைப் பார்த்தபடி. இமைக்கவில்லை.

“ஒரு கம்ப்யூட்டர் தெரியுது. அதுல பாதி வரஞ்ச மூஞ்சி ஒண்ணு.” நிறுத்தினான். “முன்னால ஒரு பொம்பள உக்காந்துருக்கா. முதுகு தெரியுது.”

அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. பின்னால், சிமெண்ட் தரையில், சொட்டு. இன்னொரு சொட்டு. கிட்டத்தில்.

“பிரியா,” என்றான் அவன், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, களைத்த அதே குரலில். “இப்ப பிடரி மட்டுந்தாம்ளா தெரியுது.”